மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோவுக்கு: விசா இல்லாமல் சிலிக்குள் போக என்னென்ன வேண்டும்?

அர்ஜென்டினாவைச் சுற்றிப் பார்க்கப் போகிற பலருக்கும் மெண்டோசா வந்து சேர்ந்ததும் ஓர் ஆசை வரும். மலைக்கு அந்தப் பக்கம்தானே சிலி? காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் அதன் தலைநகர் சாண்டியாகோ. ஒரு நடை போய்விட்டு வந்தால் என்ன? தூரம் ஏறக்குறைய 365 கிலோமீட்டர்தான். வழியில் 6,961 மீட்டர் உயரத்துக்கு அகோன்காகுவா நிற்கிறது. ஆசியாவுக்கு வெளியே அதைவிட உயரமான மலை கிடையாது. ஆசையில் தப்பே இல்லை. மெண்டோசாக்காரர்கள் அடையாள அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீண்ட விடுமுறை வந்தால் துணிமணியும் போனும் வாங்கச் சிலிக்குப் போய் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து நாமும் அப்படியே கிளம்பும்போதுதான் வம்பு வருகிறது.

விசா வேண்டாம் என்பது நீங்கள் நிற்கிற இடத்தை வைத்துக் கிடைப்பதில்லை, உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துக் கிடைப்பது. அந்தச் சலுகை உங்களுக்கு இருந்தாலும் மற்ற சோதனைகள் எதுவும் குறையாது. எல்லைச் சாவடியில் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது விசாவில் அல்ல. பிள்ளையின் கடிதத்திலும், கார் பேப்பரிலும், பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளிலும்தான். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே, பராகுவே, பொலிவியா, பெரு, கொலம்பியா, ஈக்வடார் ஆகிய நாடுகளின் குடிமக்களுக்குச் சிலி போகப் பாஸ்போர்ட்டே வேண்டாம். மெர்கோசுர் என்கிற தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பின் நாடுகளும் அவற்றோடு இணைந்த நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சொந்த நாட்டின் தேசிய அடையாள அட்டையே பயண ஆவணம். அட்டை கையில் இருக்க வேண்டும், உடைந்திருக்கக் கூடாது, படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று தெரிய வேண்டும். போனில் உள்ள டிஜிட்டல் அட்டையை நம்பிப் போகாதீர்கள். ஓட்டுநர் உரிமமும் செல்லாது. பிரேசில்காரர்கள் பலர் அதைத்தான் எப்போதும் அடையாளமாக நீட்டிப் பழகியிருப்பார்கள், எல்லையில் அந்தப் பழக்கம் உதவாது.

சரி, நம் வாசகர்களுக்கு? மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருந்தால் கவலையில்லை. அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் சுற்றுலாவாக விசா இல்லாமல் போகலாம். பிரிட்டன், கனடா பாஸ்போர்ட்டுக்கும் அப்படித்தான். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டு விசாவும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் நடுவில் நிற்கிறது. பொதுவாகச் சிலிக்கு விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், 2019 ஏப்ரலிலிருந்து சிலி அதை ஏற்றுக்கொண்டு 90 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. அந்த அமெரிக்க விசாவில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும், வெறும் டிரான்ஸிட் விசாவாக இருக்கக் கூடாது. அர்ஜென்டினாவும் 2025 ஆகஸ்டில் இதே வழிக்கு வந்தது: அமெரிக்கச் சுற்றுலா விசா உள்ள இந்தியர்களுக்குத் தனி அர்ஜென்டினா விசா வேண்டாம் என்று அறிவித்தது. இந்தச் சலுகைகள் எல்லாம் ஓர் அரசாணையில் வந்து இன்னோர் அரசாணையில் போகிறவை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் சிலித் தூதரகப் பக்கத்தில் உங்கள் நாட்டின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பஸ் கம்பெனி கவுன்ட்டரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பவருக்கு அர்ஜென்டினாக்காரர்களின் விதிதான் மனப்பாடம்.

இரண்டு இடங்களில் குறிப்பாகக் கவனம் வேண்டும். அர்ஜென்டினாவில் வேலை பார்க்கிற, படிக்கிற இந்தியர்களுக்கு அங்கே டி.என்.ஐ. என்ற அடையாள அட்டை கிடைக்கும். பார்வைக்கு அது அந்நாட்டுக் குடிமக்களின் அட்டை போலவே இருக்கும். அதை வைத்திருப்பதால் சிலி விசாவிலிருந்து விலக்கு வந்துவிடாது. குடியுரிமை எந்த நாடோ அந்த நாட்டு விதிதான். அட்டையையும் கொண்டுபோங்கள், ஆனால் பாஸ்போர்ட் கட்டாயம்.

அடுத்தது, திரும்பி வரும் வழி. அர்ஜென்டினாவுக்கு ஒரே ஒரு முறை நுழையும் விசா வாங்கி வந்தவர், மலையைத் தாண்டிச் சிலிக்குப் போய்விட்டால் அந்த விசா முடிந்துபோய்விட்டது. ஊருக்கு விமானம் புவெனோஸ் அய்ரெஸிலிருந்து என்றால் சிலியில் மாட்டிக்கொள்வீர்கள். விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருக்கிறது என்பதை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒரு முறைதான் என்றால், திரும்பும் விமானத்தைச் சாண்டியாகோவிலிருந்து போடுவது உத்தமம்.

என்ன கேட்பார்கள், என்ன காட்ட வேண்டும்

சிலியில் இமிகிரேஷன் பார்ப்பது பி.டி.ஐ. என்கிற புலனாய்வுப் போலீஸ். விசா விலக்கு உள்ளவரிடமும் எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள், கையில் பணம் இருக்கிறதா என்று கேட்கலாம். பெரும்பாலும் ஓரிரு கேள்வியோடு முடிந்துவிடும். ஆனாலும் ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், அமெரிக்க விசா உள்ள பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் பேப்பரில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மின்னஞ்சலில் இருக்கிறது, இதோ காட்டுகிறேன் என்று அதிகாரி முன்னால் போனைத் தடவிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 21.325 எண் கொண்ட குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு சிலி கொஞ்சம் கறார். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்களைத் திருப்பி அனுப்ப அதிகாரிக்கு இடமுண்டு. சுற்றுலாவாக உள்ளே போய், அங்கேயே உட்கார்ந்து வசிப்பு அனுமதிக்கு மனுப்போடும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. அதற்கு நாட்டுக்கு வெளியிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடுவதாக ஒரு வார்த்தை சொன்னாலே கேள்வி நீளும். சுற்றுலா என்றால் சுற்றுலா என்றே சொல்லுங்கள், அதுதான் உண்மையாகவும் இருக்கட்டும்.

பிள்ளைகள் கூட வந்தால்

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அர்ஜென்டினாவில் வசிக்கும் குடும்பத்தில் 18 வயது நிரம்பாத பிள்ளை நாட்டை விட்டுப் போக, அம்மா அப்பா இருவரும் கூட இருந்தால் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் போதும். ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். தாத்தா பாட்டியோடு, சித்தப்பாவோடு போனால் பெற்றோர் இருவரின் அனுமதியும் வேண்டும். வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் செல்லாது. அனுமதி இல்லாவிட்டால் பிள்ளையை இறக்கிவிடுவார்கள், அப்புறம் பிள்ளையோடு நீங்களும் இறங்க வேண்டியதுதான்.

பிறப்புச் சான்றிதழ் இந்தியாவில் வாங்கியது என்றால், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரையும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். இந்தியா, அர்ஜென்டினா, சிலி மூன்றும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த ஒரு முத்திரை இரண்டு நாட்டுக்கும் ஆகும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். தூரத்திலிருந்து செய்வது அலைச்சல். சிலிக்குள் யாரோடு நுழைந்ததோ அவரோடே பிள்ளை வெளியேறும்படி திட்டமிடுங்கள். அப்பா வேலைக்காக முன்னதாகவே திரும்புகிறார், அம்மாவும் பிள்ளையும் பிறகு வருகிறார்கள் என்றால் அதற்கும் ஒரு கடிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

சொந்தக் காரா, பஸ்ஸா?

புதிதாகப் போகிறவருக்கு என் ஓட்டு பஸ்ஸுக்கே. எந்த வரிசையில் நிற்பது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் தெரியும். டிக்கெட் வாங்கும்போதே ஆவண எண் கேட்பார்கள்; எதைக் கொண்டு எல்லை தாண்டப்போகிறீர்களோ அந்த ஆவணத்தின் எண்ணையே கொடுங்கள். பகல் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். இரவில் போய் அந்த மலையைப் பார்க்காமல் விடுவது அநியாயம்.

காரில் போகிறவருக்கு வண்டியின் பதிவு அட்டை வேண்டும். வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக உரிமையாளர் நோட்டரி மூலம் தந்த அனுமதி வேண்டும். வாடகைக் கார் என்றால் கம்பெனியிடம் சில நாள் முன்பே சொல்லி அந்தத் தாளைத் தயார் செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சிலியில் வெளிநாட்டு வண்டிகளுக்கென்றே சோயாபெக்ஸ் என்ற கட்டாய விபத்துக் காப்பீடு இருக்கிறது, இணையத்திலேயே வாங்கலாம். குளிர்காலம் என்றால் டயரில் கட்டும் பனிச்சங்கிலி இல்லாமல் மேலே விடமாட்டார்கள்.

பையில் இருக்கிற சாப்பாடு

விசாவைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்களுக்கு ஆபத்து அதிகம். சிலியின் வேளாண் கண்காணிப்புத் துறைக்குச் சாக் என்று பெயர். வடக்கே அடகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ், மேற்கே பசிபிக் கடல். இப்படி இயற்கையே வேலி போட்ட நாடு அது. மத்தியதரைக்கடல் பழ ஈயை 1995-இல் ஒழித்துவிட்டதாக அறிவித்த பிறகு அதை மறுபடி உள்ளே விடக் கூடாது என்பதில் சிலிக்காரர்கள் வெறியாக இருக்கிறார்கள். திராட்சையும் செர்ரியும் உலகம் பூராவும் விற்கிற நாடு, அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆகவே பழம், காய்கறி, விதை, தேன், இறைச்சி, பால் பொருள், மரத்தில் செய்த பொருள் என்று எது இருந்தாலும் உறுதிமொழிப் படிவத்தில் சொல்ல வேண்டும். படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இருக்கிறது என்று குறியிட்டால் அதிகாரி பார்ப்பார், கூடாதது என்றால் எடுத்துக் குப்பையில் போடுவார், அபராதம் கிடையாது. இல்லை என்று குறியிட்டுவிட்டு மோப்ப நாய் வந்து உங்கள் பைக்கருகே உட்கார்ந்தால்தான் அபராதம். அதுவும் சின்னத் தொகை அல்ல. சந்தேகம் வந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். கூட நாலு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

நம் பையில் என்னென்ன இருக்கும்? அஞ்சறைப்பெட்டிச் சாமான்தான். கடுகு விதை, வெந்தயம் விதை, கொத்தமல்லி விதை, பச்சைப்பயறு விதை. நமக்கு அவை மளிகை. சாக் அதிகாரிக்கு அவை முளைக்கக்கூடிய பொருள். காய்ந்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, அம்மா கட்டிக்கொடுத்த வேப்பம்பூ, ஜாடியில் மாவடு என்று வைத்திருந்தால் எல்லாவற்றையும் படிவத்தில் சொல்லிவிடுங்கள். அரைத்து மூடி ஒட்டிய கம்பெனி மசாலாப் பொட்டலங்களுக்குப் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை என்றாலும் அவற்றையும் எழுதிக் காட்டுவதே மேல். இழக்க மனசு வராத எதையும் இந்தப் பயணத்துக்குக் கொண்டுவராதீர்கள். பஸ்ஸில் சாப்பிட வாங்கிய வாழைப்பழத்தை மேலே ஏறும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கடைசிப் பழம் பையின் அடியில் கிடக்கும், அதையும் தேடுங்கள்.

பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். இந்தப் பிரச்சினை நம்மில் பலருக்கு வராது.

கடக்கும் நாள்

கிளம்பும் முன் கணவாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பனி கொட்டினால் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள், திறந்திருந்தாலும் இரவில் விடாமல் இருப்பார்கள். இரண்டு நாட்டு அரசுகளும் கணவாயின் நிலவரத்தை இணையத்தில் போடுகின்றன. குளிர்காலத்தில் மறுநாளே விமானம் பிடிக்கும்படி திட்டமிடாதீர்கள். கோடையில் வேறு கஷ்டம்: ஜனவரி, பிப்ரவரி விடுமுறையிலும் அர்ஜென்டினாவின் நீண்ட வார இறுதிகளிலும் வரிசை மணிக்கணக்கில் நீளும். பஸ் ஏழெட்டு மணி நேரம் என்று சொன்னால் அது வரிசை குறைவாக இருக்கிற நாளின் கணக்கு.

மெண்டோசாவிலிருந்து ஏழாம் எண் நெடுஞ்சாலை உஸ்பஷாதா வழியாக மேலே ஏறி, லாஸ் குவேவாஸ் என்ற சிற்றூரைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1980-இல் திறந்த அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், நடுவில் எல்லைக்கோடு. உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,200 மீட்டர் என்பதால் சிலருக்குத் தலை வலிக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சுரங்கத்துக்கு மேலே, பழைய கணவாயில் ஒரு கிறிஸ்து சிலை நிற்கிறது. எல்லைத் தகராறில் போரின் விளிம்பு வரை போன இரு நாடுகளும் 1902-இல் சமாதானமாகி, 1904-இல் நிறுவியது. கோடையில் லாஸ் குவேவாஸிலிருந்து மண்பாதையில் போய்ப் பார்க்கலாம், பஸ் நிற்காது.

சோதனைச் சாவடி எங்கே என்பதில் புதியவர்கள் குழம்புவார்கள். போகும்போது அர்ஜென்டினாப் பக்கம் நிறுத்தி வெளியேறும் முத்திரை போடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு நாட்டு வேலையும் ஒரே கூரையின் கீழ், நீங்கள் நுழையப்போகிற நாட்டில் நடக்கும். சிலிக்குப் போகையில் லோஸ் லிபெர்ததோரெஸ் வளாகம். திரும்பி வரும்போது அர்ஜென்டினாப் பக்கத்து ஓர்கோனெஸ். முதலில் நீங்கள் விட்டுப்போகிற நாட்டின் ஜன்னல், அதற்கு அடுத்தது நுழைகிற நாட்டின் ஜன்னல். இரண்டிலும் பதிவு முடிந்ததா என்று பார்த்துவிட்டே நகருங்கள். ஒன்று விட்டுப்போனால் அடுத்த முறை கணினியில் நீங்கள் இன்னும் பழைய நாட்டிலேயே இருப்பீர்கள்.

பிறகு சாமான். பஸ்ஸிலிருந்து எல்லாப் பெட்டியும் இறங்கும், ஸ்கேனருக்குள் போகும், நாய் மோப்பம் பிடிக்கும். பெட்டி தூக்குகிறவர்களுக்கென்று சில பஸ்களில் பயணிகளிடம் சில்லறை வசூலிப்பார்கள். கொஞ்சம் பெசோ கையில் வைத்திருங்கள். வேலை முடிந்ததும் லோஸ் கரகோலெஸ் என்ற கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் கீழே இறங்கும். வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்கள் மாத்திரையை முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். கோடையில் இரு நாட்டுக்கும் ஒரே நேரம், குளிர்காலத்தில் சிலி ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.

அந்தத் துண்டுச்சீட்டு

நுழைந்ததும் பி.டி.ஐ. ஒரு சின்னத் தாள் கொடுக்கும். கடை ரசீது போல இருக்கும், பலர் அப்படியே கசக்கிப் போடுகிறார்கள். அடையாள அட்டையில் வந்தவருக்கு முத்திரை குத்தப் பக்கமே கிடையாது, அவர் சட்டப்படி உள்ளே வந்ததற்கு அந்தச் சீட்டுதான் கையில் உள்ள சான்று. வெளியேறும்போது கேட்பார்கள். போட்டோ எடுத்து வையுங்கள், மூலத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகுங்கள். தொலைந்தால் பி.டி.ஐ. இணையதளத்தில் நகல் வாங்கலாம்.

அந்தச் சீட்டில் காசும் இருக்கிறது. சிலியில் மதிப்புக் கூட்டு வரி 19 சதவீதம். வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டையும் இந்தச் சீட்டையும் காட்டி, டாலரிலோ வெளிநாட்டு அட்டையில் டாலர் கணக்கிலோ கட்டினால் தங்கும் அறைக்கு அந்த வரி கிடையாது. பதிவு செய்த ஹோட்டல்கள்தான் இதைச் செய்ய முடியும், வீட்டு வாடகை அறைகளில் எதிர்பார்க்காதீர்கள். பெசோவில் கட்டினால் வரி சேர்ந்துவிடும்.

நாள் கணக்கும் திரும்பும் வழியும்

கிடைப்பது 90 நாள் வரை. அதற்கு மேல் தங்க வேண்டுமானால் காலம் முடியும் முன்பே தேசியக் குடிபெயர்வுத் துறையின் இணையதளத்தில் 100 டாலர் கட்டி ஒரு முறை நீட்டிக்கலாம். பணம் மிச்சம் என்று மெண்டோசா போய்விட்டு மறுநாள் திரும்பி, புதுச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அனுமதிப்பதும் அனுப்புவதும் ஜன்னலில் இருப்பவர் கையில். அடிக்கடி செய்தால் கேள்வி வரும். நாள் தாண்டித் தங்கிவிட்டால் அபராத நடவடிக்கை உண்டு, அடுத்த வருகையிலும் அது எதிரே நிற்கும்.

அர்ஜென்டினாவுக்குத் திரும்புவதும் புதிதாக ஒரு நாட்டுக்குள் நுழைவதுதான். 2025 மே மாதம் வந்த 366 எண் ஆணை, வெளியிலிருந்து வருகிறவர்கள் என்ன காரணத்துக்காக வருகிறோம் என்று உறுதிமொழி தர வேண்டும், மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. காப்பீடு சிலியில் இருக்கிற நாள்களையும் அதற்குப் பிந்திய அர்ஜென்டினா நாள்களையும் சேர்த்து மூடுகிறதா என்று பாருங்கள். சிலியில் வாங்கிய சாமானுக்குத் தரை வழியில் ஆளுக்கு 300 டாலர் வரை வரி இல்லை, அதற்கு மேல் போனால் கூடுதலின் மீது பாதி வரி. மெண்டோசா மாகாணமும் பழ ஈயை விரட்டுகிற இடம்தான். சாண்டியாகோச் சந்தையில் ஆசையாக வாங்கிய செர்ரியை ஓர்கோனெஸுக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள்.